பழுப்பு நிறத்தின் அதிர்வெண் என்ன?

கேள்வி இதுதான்: மின்காந்த அலைமாலையின் படத்தில் ஊதாவிலிருந்து சிவப்பு வரை ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அதிர்வெண் குறித்திருக்கிறார்கள், பழுப்புக்கும் இளஞ்சிவப்புக்கும் ஏன் எதுவும் குறிக்கவில்லை? நிறம் என்றாலே அதிர்வெண்தான் என்றால் எல்லா நிறத்துக்கும் ஓர் எண் இருந்தாக வேண்டாமா? இவ்வளவு நீண்ட அலைமாலையில் நம் கண்ணுக்கு மட்டும் ஏன் இந்த ஒரு சிறு கீற்று வாய்த்தது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுப்புக்கு அதிர்வெண் கிடையாது. இளஞ்சிவப்புக்கும் கிடையாது, வெள்ளைக்கும் கிடையாது. அதிர்வெண் ஒளிக்கு உரியது. நிறம், வந்து சேர்ந்த ஒளியைக் கொண்டு கண்ணும் மூளையும் சேர்ந்து எழுதும் தீர்ப்பு. பாடப்புத்தகங்களில் இரண்டையும் ஒரே பட்டையில் அச்சிட்டுவிடுவதால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் சிறு வயதிலேயே ஊறிவிடுகிறது. இயற்பியலில் பட்டம் பெற்றவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எண்கள். மின்புலமும் காந்தப்புலமும் ஊசலாடிக்கொண்டே வெற்றிடத்தில் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் வேகத்தில் ஓடும் அலைதான் ஒளி. ஒரு விநாடியில் எத்தனை ஊசல் என்பது அதன் அதிர்வெண். விநாடிக்கு ஓர் ஊசல் என்றால் ஒரு ஹெர்ட்ஸ், லட்சம் கோடி ஹெர்ட்ஸ் ஒரு டெராஹெர்ட்ஸ். சிவப்பின் கடைக்கோடியில் அதிர்வெண் ஏறக்குறைய 400 டெராஹெர்ட்ஸ். ஊதாவின் கடைக்கோடியில் ஏறக்குறைய 790. டெராஹெர்ட்ஸ் என்று சொன்னால் மனதில் எதுவும் தங்காது. நம்முடைய எண்ணுமுறையில் சொன்னால் தங்கிவிடும். கோடியைக் கோடியால் பெருக்குங்கள். அந்தக் கோடி கோடியை ஒரு படியாக வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளி விநாடிக்கு 4 கோடி கோடி முறை ஊசலாடுகிறது. ஊதா கிட்டத்தட்ட 8 கோடி கோடி முறை. வானவில்லின் நிறங்கள் அத்தனையும் இந்த நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் அடங்கிவிடுகின்றன.

டெராஹெர்ட்ஸ் கணக்கில், சிவப்பு 400 முதல் 480 வரை. ஆரஞ்சு 510 வரை. மஞ்சள் 525 வரை. பச்சை 605 வரை. நீலம் 670 வரை. அதற்கு மேலே ஊதா. எல்லாமே தோராயம்தான். அலைநீளத்தில் சொன்னால் சிவப்பு 750 நானோமீட்டரில் தொடங்கி, ஊதா 380-இல் முடிகிறது. ஒரு தலைமுடியின் தடிமனில் பச்சை ஒளியின் அலைகள் நூற்றுக்கு மேல் அடங்கும். மஞ்சள் எவ்வளவு ஒல்லியான பட்டை என்பதையும் கவனியுங்கள். பச்சைக்குக் கிடைத்த அகலத்தில் அதற்குக் கால் பங்குகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் நம் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் அதுதான். இந்த முரணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இங்கேயே வருவோம்.

இந்தக் கீற்றின் சிறுமையைச் சொல்ல, “மொத்த அலைமாலையில் இத்தனை சதவீதம்” என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அது பொருளற்ற கணக்கு. அதிர்வெண்ணுக்கு மேலே இதுதான் முடிவு என்ற எல்லைக்கல் இல்லாதபோது எதில் சதவீதம் எடுப்பது? இசைக் கணக்கு இதைவிடச் சரியாகப் பொருந்தும். கீழ் ஸட்ஜமத்திலிருந்து மேல் ஸட்ஜமத்துக்குப் போனால் அதிர்வெண் இரட்டிக்கிறது. அது ஒரு ஸ்தாயி. நம் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஏறக்குறைய 10 ஸ்தாயி கேட்கிறது. நம் கண் பார்ப்பது ஒரே ஒரு ஸ்தாயி, அதுவும் முழுதாக இல்லை. அதற்குக் கீழே ரிமோட் கண்ட்ரோல் உமிழும் அகச்சிவப்பு, ஏறக்குறைய 320 டெராஹெர்ட்ஸில் இருக்கிறது. இன்னும் வெகு கீழே மைக்ரோவேவ் அடுப்பு 2.45 ஜிகாஹெர்ட்ஸிலும், பண்பலை வானொலி 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலும் இருக்கின்றன. மேலே புற ஊதா, எக்ஸ் கதிர், காமா கதிர். அத்தனையும் ஒரே வகை அலை. வானொலி அலைக்கும் நீல ஒளிக்கும் இயற்கை வேறு வேறு சட்டம் எழுதி வைக்கவில்லை.

விநாடிக்கு 5 கோடி கோடி ஊசல்களை யார் எண்ணினார்கள் என்ற சந்தேகம் எழுவது நியாயமே. வெகுகாலம் யாரும் எண்ணவில்லை. அலைநீளத்தை அளந்து, ஒளியின் வேகத்தை அதால் வகுத்துத்தான் அதிர்வெண்ணைக் கண்டார்கள். மின்னணுக் கருவிகள் எண்ணக்கூடிய வேகத்துக்கும் ஒளியின் ஊசலுக்கும் இடையே ஆயிரக்கணக்கான மடங்கு இடைவெளி இருந்தது. அதற்குப் பாலம் போட்டது ஒளி அதிர்வெண் சீப்பு என்ற லேசர் நுட்பம்; சீப்பின் பற்களைப் போலச் சம இடைவெளியில் நிற்கும் ஆயிரக்கணக்கான அதிர்வெண்களை அது ஒரே நேரத்தில் உமிழும். அந்தப் பணிக்காக ஜான் ஹால், தியோடர் ஹென்ஷ் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்று ஸ்ட்ரான்சியம் அணுவின் ஒரு குறிப்பிட்ட சிவப்பு ஒளிக்கு நம்மிடம் இருக்கும் எண் இது: விநாடிக்கு 42,92,28,00,42,29,873 ஊசல்கள். 15 இலக்கங்கள், ஒன்றுகூட ஊகமில்லை. ஒரு சிவப்பை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொள்ள முடியும் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது.

அலைநீளத்தை விட்டுவிட்டு அதிர்வெண்ணையே ஏன் அழுத்திச் சொல்கிறேன்? ஒரு சிவப்பு லேசர்க் கதிரைத் தண்ணீருக்குள் பாய்ச்சுங்கள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஒளியின் வேகம் அந்த விகிதத்தில் குறைகிறது, அலைநீளமும் அதே விகிதத்தில் சுருங்குகிறது. வெளியே 700 நானோமீட்டராக இருந்தது தண்ணீருக்குள் ஏறக்குறைய 526 நானோமீட்டர். அட்டவணையில் 526 பச்சை. ஆனால் தண்ணீருக்குள் கதிர் பச்சையாகிவிடுவதில்லை, சிவப்பாகவே போகிறது. கரையைத் தாண்டும்போது மாறாமல் நின்றது அதிர்வெண் ஒன்றுதான். கண் பதில் சொல்வதும் அதற்குத்தான். நம் கண்ணுக்குள்ளேயே இருப்பதும் தண்ணீரைப் போன்ற ஊடகம்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். அட்டவணையில் 700 நானோமீட்டர் என்று போட்டிருக்கும் ஒளி விழித்திரையை எட்டும்போது 700 நானோமீட்டராக இருப்பதே இல்லை. அட்டவணைகளில் இருப்பவை வெற்றிடத்தின் அலைநீளங்கள். ஒளிச்செறிவின் அலகான கேண்டெலாவை 1979-இல் திருத்தி வரையறுத்தபோது 555 நானோமீட்டர் என்று எழுதாமல் 540 டெராஹெர்ட்ஸ் என்று எழுதினார்கள். ஊடகம் எதுவானாலும் செல்லுபடியாகும் எண் அது. பகல் வெளிச்சத்தில் கண் மிகக் கூர்மையாக உணரும் இடமும் அதுவே: மஞ்சளை நோக்கிச் சாயும் பச்சை.

நிறங்களுக்கு நடுவே கோடு கிழித்தது யார்? நாம்தான். 1666 வாக்கில் நியூட்டன் முப்பட்டகத்தின் வழியே சூரிய ஒளியைப் பிரித்தபோது சுவரில் விழுந்தது இடைவெளியில்லாத ஒரே பட்டை. முதலில் அதில் ஐந்து நிறங்களைச் சொன்னவர், பிறகு ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்து ஏழாக்கினார். இசையின் ஏழு ஸ்வரங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. விப்ஜியார் என்று நாம் மனப்பாடம் செய்த ஏழில் இயற்கையின் கட்டளை எதுவும் இல்லை. கருநீலத்தை இன்று பல அட்டவணைகள் சேர்ப்பதே இல்லை. எனக்கும் அதைத் தனி நிறமாகக் காட்ட வேண்டிய தேவை தெரியவில்லை. கண்ணின் நுட்பமும் பட்டை முழுவதும் ஒரே சீராக இல்லை. 590 நானோமீட்டர் பக்கத்தில் 1 நானோமீட்டர் நகர்ந்தாலே நிறம் மாறிவிட்டது என்று கண் சொல்லிவிடும். 700-க்கு அப்பால் எவ்வளவு நகர்ந்தாலும் அதே சிவப்புதான், வெளிச்சம் மட்டும் மங்கிக்கொண்டே போகும்.

இனி நிறத்துக்கு வருகிறேன். நான் மாணவனாக இருந்தபோது ஆய்வகத்தில் ஒரு சோடியம் விளக்கு இருந்தது. ஏற்றியதும் இளஞ்சிவப்பாக ஒளிரும். தொடக்கத்துக்காக உள்ளே அடைத்திருக்கும் நியான் வாயுவின் நிறம் அது. சில நிமிடங்களில் சோடியம் சூடாகி ஆவியாக, விளக்கு மெல்ல மஞ்சளுக்கு மாறும். ஜன்னல்களை மூடி, மற்ற விளக்குகளையும் அணைத்த பிறகு அறையில் வேறு நிறமே இருக்காது. சிவப்பு அட்டை போட்ட குறிப்பேடு கருப்பாகத் தெரியும். நீலச் சட்டை கருஞ்சாம்பல். பக்கத்தில் நிற்பவரின் உதடுகள் கருத்து, முகம் பழைய புகைப்படத்தைப் போலத் தெரியும். விளக்கு தந்தது ஒரே ஓர் அதிர்வெண்; ஒரு பொருள் அதைக் கூடுதலாகவோ குறைவாகவோ திருப்பி அனுப்பலாமே தவிர, இல்லாத சிவப்பை எங்கிருந்து கொண்டுவரும்? பொருளுக்குள் நிறம் குடியிருக்கிறது என்ற நம்பிக்கை எனக்கு அன்று போய்விட்டது.

ஒரே ஓர் அதிர்வெண் என்றேன். துல்லியமாகச் சொன்னால் இரண்டு. ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியின் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, ஒளி நுழையும் பிளவைக் குறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அந்த மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும்: 589.0 நானோமீட்டரில் ஒன்று, 589.6-இல் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விநாடிக்கு ஏறக்குறைய 50,000 கோடி ஊசல்கள். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள்தான். 1868-இன் முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. நிறத்தை மட்டும் பார்த்தால் சோடியம் என்றே சொல்லத் தோன்றும். அளந்து பார்த்தபோது 587.5 பக்கத்தில் நின்றது. சோடியத்தின் இரு கோடுகளில் எதனோடும் பொருந்தவில்லை. பூமியில் அதுவரை யாரும் கண்டிராத ஒரு தனிமத்தின் கோடு அது. சூரியனின் கிரேக்கப் பெயரைக் கொண்டு அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டார்கள். கண் ஒரே நிறம் என்று தள்ளியிருக்கக்கூடிய இடத்தில் அதிர்வெண் ஒரு புதிய தனிமத்தைக் காட்டிக்கொடுத்தது.

கண்ணுக்கு ஏன் இந்தப் பாகுபாடு தெரிவதில்லை? விழித்திரையில் நிறத்துக்கென மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. ஒரு வகை 420 நானோமீட்டர் பக்கத்திலும், இன்னொன்று 530 பக்கத்திலும், மூன்றாவது 560 பக்கத்திலும் உச்சமாக உணரும். நீலக் கூம்பு, பச்சைக் கூம்பு, சிவப்புக் கூம்பு என்று வசதிக்காகச் சொல்கிறோம். சிவப்புக் கூம்பின் உச்சம் உண்மையில் மஞ்சள் கலந்த பச்சையில் இருக்கிறது. ஒவ்வொன்றின் வீச்சும் அகலமானது, ஒன்றின் மேல் ஒன்று படர்ந்து கிடக்கிறது. ஃபோட்டான் எனப்படும் ஒளித்துகள் ஒன்று கூம்புக்குள் நுழைந்து பிடிபட்டால், அங்கே வளைந்து நிற்கும் ரெட்டினால் என்ற மூலக்கூறு சுமார் 200 ஃபெம்டோவிநாடியில் நிமிர்ந்துவிடும் (ஒரு ஃபெம்டோவிநாடி என்பது விநாடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு). அந்த நேரத்துக்குள் பச்சை ஒளி நூறு முறை மட்டுமே ஊசலாடியிருக்கும். அங்கிருந்து நரம்புக்குப் போகும் செய்தி “ஒன்று பிடிபட்டது” என்பது மட்டும்தான். பிடிபட்டதன் அதிர்வெண் என்ன என்ற குறிப்பு எங்கும் எழுதப்படுவதில்லை. மங்கலான பச்சையும் பளீரென்ற சிவப்பும் ஒரே கூம்பில் ஒரே எண்ணிக்கையைத் தர முடியும். அதனால் மூளை மூன்று வகைக் கூம்புகளின் எண்ணிக்கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்த ஒப்பீட்டின் விடையைத்தான் நாம் நிறம் என்கிறோம்.

காதோடு ஒப்பிட்டால் இதன் விளைவு இன்னும் தெளிவாகும். வீணையில் இரண்டு தந்திகளை ஒன்றாக மீட்டினால் பழகிய காது இரண்டு ஸ்வரங்களையும் தனித்தனியே கேட்கும். நடுவில் மூன்றாவதாக ஒரு ஸ்வரம் கேட்டுவிடாது. கண்ணுக்கு அந்தத் திறமை இல்லை. சிவப்பையும் பச்சையையும் சேர்த்து அனுப்பினால் இரண்டும் தெரியாது. இரண்டிலும் இல்லாத மஞ்சள் தெரியும். 589 நானோமீட்டர் ஒளி இரண்டு கூம்புகளில் எழுப்பும் அதே விகிதத்தைச் சிவப்பும் பச்சையும் சேர்ந்து எழுப்பிவிட்டால், மூளைக்கு வித்தியாசம் காண வழியே இல்லை. மஞ்சள் என்ற அனுபவத்துக்கு மஞ்சளின் அதிர்வெண் தேவையில்லை. சற்று முன் சொன்ன முரணுக்கும் விடை இதில் இருக்கிறது. அதிர்வெண் கணக்கில் மஞ்சள் ஒல்லிதான், ஆனால் மிகக் கூர்மையான இரண்டு கூம்புகளும் சேர்ந்து பலமாகப் பதில் சொல்லும் இடம் அது.

நீங்களே பார்த்துவிடலாம். கைப்பேசித் திரையில் பளிச்சென்ற மஞ்சள் படம் ஒன்றைத் திறந்து, விரல் நுனியால் மிகச் சிறிய தண்ணீர்த் துளி ஒன்றை அதன் மேல் வையுங்கள். துளி உருப்பெருக்கியாக வேலை செய்யும். அதற்குள் மஞ்சளைத் தேடுங்கள், கிடைக்காது. சிவப்புப் புள்ளிகளும் பச்சைப் புள்ளிகளும் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கும், நீலப் புள்ளிகள் அணைந்திருக்கும். திரைக்கு உள்ளே மஞ்சள் உமிழும் பகுதி எதுவுமே இல்லை.

இந்த மூன்று என்ற எண்ணை, கூம்பு செல்லை யாரும் அளப்பதற்கு வெகுமுன்பே தாமஸ் யங் ஊகித்துவிட்டார். கண்ணின் ஒவ்வொரு புள்ளியிலும் எண்ணற்ற உணர்விகள் இருக்க இடமில்லை, மூன்றே போதும் என்று 1802-இல் வெளியான உரையில் சொன்னார். 1861-இல் மேக்ஸ்வெல் அதைச் செய்தே காட்டினார். ஒரு பல நிற நாடாவைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே மூன்று கருப்பு வெள்ளைப் படங்களாக எடுக்கவைத்து, அந்த மூன்றையும் அதே வடிகட்டிகள் வழியே ஒரே திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக வீழ்த்தினார். நாடா தன் நிறங்களோடு தோன்றியது. ஒளி ஒரு மின்காந்த அலை என்ற கோட்பாட்டை 1865-இல் வெளியிட்டவரும் அதே மேக்ஸ்வெல்தான். அலையின் கணக்கு வேறு, நிறத்தின் கணக்கு வேறு என்பதை அவரளவுக்கு இரு பக்கமும் நின்று பார்த்தவர் வேறு யாரும் எனக்கு நினைவில்லை.

இப்போது உங்கள் இளஞ்சிவப்புக்கும் பழுப்புக்கும் வரலாம். சிவப்புக் கூம்பும் நீலக் கூம்பும் பலமாகப் பதில் சொல்லி, பச்சைக் கூம்பு மட்டும் அமைதியாக இருந்தால் என்ன ஆகும்? அலைமாலையின் எந்தத் தனி அதிர்வெண்ணாலும் அப்படி ஒரு நிலையை உண்டாக்க முடியாது. பட்டையின் இரு முனைகளையும் ஒருசேர அனுப்பினால்தான் முடியும். அப்போது தெரிவது மெஜந்தா. வானவில்லில் அதற்கு இடமில்லை. அதில் வெள்ளையைக் கலந்தாலும், சிவப்பில் வெள்ளையைக் கலந்தாலும் இளஞ்சிவப்பின் வகைகள் கிடைக்கும். தமிழில் இங்கே ஒரு சிக்கலும் உண்டு. வானவில்லின் கடைசி நிறத்தை ஊதா என்கிறோம். சிவப்பும் நீலமும் கலந்த கத்தரிப்பூ நிறத்தையும் பேச்சில் ஊதா என்றே சொல்லிவிடுகிறோம். முன்னதற்கு 400 நானோமீட்டரை ஒட்டிய தனி அதிர்வெண் உண்டு, பின்னதற்கு இல்லை. திரைகளால் உண்மையான 400 நானோமீட்டரை உமிழ முடியாது. நீலத்தில் கொஞ்சம் சிவப்பைக் கலந்து, ஏறக்குறைய அதே தீர்ப்பை மூளையிடம் வாங்கிக்கொள்கின்றன.

பழுப்பு இதைவிட விசித்திரமானது. மங்கலான ஆரஞ்சுதான் பழுப்பு, ஆனால் மங்கல் மட்டும் போதாது. சுற்றிலும் அதைவிட வெளிச்சமான ஏதாவது இருக்க வேண்டும். இருட்டு அறையில் திரை முழுவதையும் கருப்பாக்கி, நடுவில் ஒரு பழுப்பு வட்டத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் அது ஆரஞ்சு விளக்கைப் போலத் தெரியத் தொடங்கும். பின்னணியை வெள்ளையாக்குங்கள், அதே வட்டம் சட்டென்று பழுப்பாகிவிடும். வட்டத்திலிருந்து வரும் ஒளியில் ஓர் ஊசல்கூட மாறவில்லை. பழுப்பு விளக்கு என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை என்பதற்கும் காரணம் இதுதான். அண்டை அயலைப் பார்த்துத் தீர்மானிக்கப்படும் நிறத்துக்கு அட்டவணையில் எந்த எண்ணை எழுதுவது?

அடுத்தது, நமக்கு ஏன் இந்தக் கீற்று மட்டும் என்பது. எல்லைக்கு வெளியேயும் ஒளி இருக்கிறது என்பதே 1800 வரை தெரியாது. அந்த ஆண்டு வில்லியம் ஹெர்ஷல், பிரிந்த சூரிய ஒளியின் ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தவர், சிவப்பைத் தாண்டி ஒன்றுமே தெரியாத இருளில் வைத்தபோதும் பாதரசம் ஏறுவதைக் கண்டார். அகச்சிவப்பு அப்படித்தான் அகப்பட்டது. மறு ஆண்டே யோஹான் ரிட்டர் மறுமுனையில், ஊதாவுக்கு அப்பால் வெள்ளி குளோரைடு வேகமாகக் கருப்பதைக் கண்டு புற ஊதாவைப் பிடித்தார்.

எல்லை அங்கே விழுந்ததற்குப் பெரிய காரணம் ஃபோட்டானின் ஆற்றல். அதிர்வெண் கூடினால் ஆற்றல் கூடும். மிகச் சிறிய ஆற்றல்களை அளக்கும் அலகான எலக்ட்ரான் வோல்ட்டில் சொன்னால், 700 நானோமீட்டர் ஃபோட்டானில் ஏறக்குறைய 1.77, 400-இல் 3.1. ரெட்டினாலை நிமிர்த்த இந்த அளவு பொருத்தமாக இருக்கிறது. இன்னும் குறைந்த ஆற்றலிலேயே நிமிர்ந்துவிடும் மூலக்கூறு இருந்தால், உடலின் சூடே அதை அடிக்கடி தட்டிவிடும். கும்மிருட்டிலும் பொய் வெளிச்சம் தெரியும். இன்னும் கூடுதல் ஆற்றல் வந்தால் புரதங்களும் மரபணுப் பொருளும் சிதைகின்றன. மேல் எல்லையை விழித்திரை போடவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 400-க்குக் கீழே உள்ள புற ஊதாவைக் கண்ணின் வில்லைதான் பெருமளவு தடுத்துவிடுகிறது. வில்லை நீக்கப்பட்டவர்களில் சிலர் அண்மைப் புற ஊதாவை வெளிறிய நீலமாகவோ ஊதாவாகவோ காண்கிறார்கள். தேனீக்கள் புற ஊதாவை நன்றாகவே பார்க்கின்றன; சிவப்பு அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டு. கீழ் எல்லையும் இரும்புச் சுவர் இல்லை. 1,000 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரின் குறுந்துடிப்புகளை மனிதர்களால் பச்சையாகப் பார்க்க முடிவதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. இரண்டு ஃபோட்டான்கள் ஒரே சமயத்தில் வந்து, ஒரு பச்சை ஃபோட்டானுக்குரிய ஆற்றலைச் சேர்த்துக் கொடுத்துவிடுகின்றன.

தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. கண் பரிணமித்தது தண்ணீரில், இன்றும் கண்ணுக்குள் நிறைந்திருப்பது பெரும்பாலும் தண்ணீர். நீல ஒளி தெளிந்த நீரில் பல பத்து மீட்டர் போகும். 3,000 நானோமீட்டர் அகச்சிவப்பு சில மைக்ரோமீட்டர் தடிமனைக்கூடத் தாண்டாது. அந்த ஒளிக்குக் கண் திறந்து வைத்திருந்தும் பயனில்லை.

“சூரியன் பச்சையில்தான் உச்சமாக ஒளிர்கிறது, அதனால்தான் கண்ணும் பச்சையில் கூர்மை” என்று அடிக்கடி எழுதுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. சூரிய ஒளியை அலைநீளம் வாரியாக வரைந்தால் உச்சம் 500 நானோமீட்டர் அருகே வருவது உண்மைதான். அதே ஒளியை அதிர்வெண் வாரியாக வரைந்தால் உச்சம் 340 டெராஹெர்ட்ஸுக்கு, அதாவது அகச்சிவப்புக்குப் போய்விடுகிறது. வரைபடத்தின் கிடை அச்சை மாற்றியதும் இடம் மாறும் உச்சத்தின் மேல் ஒரு காரணத்தைக் கட்டக்கூடாது. கண் பார்க்கும் பகுதியில் சூரியன் தாராளமாக ஒளிர்கிறது, வளிமண்டலம் அதற்குப் பெரும்பாலும் வழிவிடுகிறது. அதுவரைக்கும் சொன்னால் சரி.

கரை தாண்டினாலும் அதிர்வெண் மாறாது என்றேன். அதற்கு விலக்குகள் இல்லாமல் இல்லை. 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி. வி. ராமன் கண்டது அப்படி ஒன்று. திரவத்தில் பட்டுச் சிதறும் ஒளியில், ஏறக்குறைய கோடி ஃபோட்டான்களில் ஒன்று, மூலக்கூறோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு வேறு அதிர்வெண்ணோடு வெளியே வருகிறது. வெள்ளை எல்இடி விளக்கிலும் 450 நானோமீட்டர் நீலத்தின் ஒரு பகுதியை ஒளிரும் பூச்சு விழுங்கி மஞ்சளாக உமிழ்கிறது. எஞ்சிய நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்ததை நாம் வெள்ளை என்கிறோம். பிரபஞ்சம் விரிவதாலும் அதிர்வெண் குறைகிறது. ஏறக்குறைய 3,000 கெல்வின் சூட்டில் ஆரஞ்சுத் தணலைப் போல ஒளிர்ந்த ஆதி ஒளி, அலை சுமார் 1,100 மடங்கு நீண்டு, இன்று 160 ஜிகாஹெர்ட்ஸ் அருகே உச்சம் கொண்ட மைக்ரோவேவாக எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அதற்குக் கண் ஒரு நிறம் சொல்லியிருக்கும்.

கடைசியாக ஒன்று. திரையிலோ அச்சிலோ நீங்கள் பார்க்கும் அலைமாலைப் படம் எதுவும் உண்மையான அலைமாலை இல்லை. மூன்று புள்ளிகளின் அல்லது சில மைகளின் கலவை. குறிப்பாக 500 நானோமீட்டர் பக்கத்தின் தூய நீலப்பச்சையைச் சாதாரணத் திரை காட்டவே முடியாது. அசலைப் பார்க்க ஒரு பழைய குறுந்தகடு போதும். அதன் தடங்கள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருப்பதால் ஒளியை நன்றாகப் பிரிக்கும். சூரியனின் பிம்பத்தை மட்டும் அதில் நேராகப் பார்த்துவிடாதீர்கள்; பகலில் ஜன்னல் வெளிச்சம் போதும். இரவில் ஒரு வெள்ளை எல்இடி விளக்கைத் தவிர மற்றவற்றை அணைத்துவிட்டு, தகட்டை மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். ஊதா பெரும்பாலும் இருக்காது. பளிச்சென்று ஒரு நீலம் நிற்கும், அதை அடுத்து 480 நானோமீட்டர் பக்கத்தில் பட்டை மங்கிப் பள்ளம் விழுந்தது போலிருக்கும். அதன் பிறகுதான் பச்சை எழுந்து, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அகலமாகப் பரவும்.